வழி சொல்வதும் வழி கேட்பதும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே, இந்துமாகடலை நோக்கி, மணற்பரப்பின்மீது அமைந்திருக்கும் சிற்றூர் கண்டக்குழி. மேற்கே கடல்; கிழக்கே புத்தளக் கடனீரேரி. வைகாசி மாதத்தில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் படகுகள் பலவும் கரையேறிக் கிடக்கும். அக்காற்று ஓய்ந்து கடல் தணிந்த பின்னரே வலைகளுக்கு மீண்டும் வேலை உண்டாகும். மீன்பிடியும், கிணற்று நீரை இறைத்து மணலிலே செய்யும் வெங்காய, மிளகாய்ச் செய்கையும் இப்பக்கத்தாரின் சீவனம். அண்மைக் காலத்திலே பெரும் பட்டங்களைப் பற்றிக்கொண்டு அலைமீது சறுக்கி விளையாடும் வெளிநாட்டாரும் இக்காற்றைத் தேடி வருகின்றனர். காற்று ஒன்றுதான்; நமக்கு அது தொழில் முடக்கம், அவர்களுக்கு அது விளையாட்டு.

இத்தகைய கரையிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுகின்றது என்றால் அது ஒரு வீட்டுச் செய்தியாக நிற்பதில்லை, ஊர்ச் செய்தியாகிவிடும். கல்வி இக்கரைக்குப் புதியதன்று என்பதும் உண்மையே. 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்விவரங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கியவரும், 1859ஆம் ஆண்டில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் வெளியிட்டவருமான சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியிலே பிறந்தவர். ஆயினும் ஓர் அறிஞர் பிறந்த மண்ணிலே பிள்ளைகள் எல்லோருக்கும் புத்தகம் எளிதில் கைக்கு எட்டிவிடும் என்று சொல்லிவிட முடியாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து குடியேறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும், இவ்வூர்களின் பழங்குடிப் பிள்ளைகளும், ஓலைக் கொட்டில்களின் கீழே ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து படித்த காலம் வெகு தூரத்தில் இல்லை.

நாம் நெடுங்காலம் பல்கலைக்கழகம் ஒன்றிலே விரிவுரையாளராய் இருந்து, ஓய்வு பெற்றபின் இக்கரையிலே வந்து தங்கியிருப்பவர். விடுமுறைக்கு வரும் மாணவர்கள் மாலை வேளைகளில் எமது திண்ணைக்கு வருவார்கள். அவர்களோடு பேசிப் பேசி எமது உள்ளத்தில் ஊன்றிய சில எண்ணங்களை இங்கே வாசகர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோருக்கும், அங்கே இருக்கின்ற பிள்ளைகளுக்கும் இவை சிறிதளவேனும் பயன்படுமாயின் மகிழ்ச்சி.

முதலில், நுழைவாயிலைப் பார்ப்போம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை முறையாலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படும் முறை பல ஆண்டுகளாக வழக்கிலுள்ளது. புத்தளமும் அவ்வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்று. மாணவரின் தகுதியை ‘இசட்’ புள்ளியினால் நான்கு தசம தானம்வரை கணித்து வரிசைப்படுத்துகின்றார்கள். ஒரு தானத்தின் வேறுபாட்டினால் ஒருவன் உள்ளே போகின்றான். ஒருவன் வெளியே நிற்கின்றான். இவ்வளவு நுட்பமாக அளந்து உள்ளே எடுத்த பிள்ளையை, உள்ளே வந்தபின் அளப்பார் யார்? அவன் இரவு உணவு உண்டானா, விரிவுரை விளங்கிற்றா, விடுதியிலே அவனோடு பேசுவதற்கு ஒருவரேனும் உண்டா என்பவற்றுக்கு எந்தத் தசம தானமும் இல்லை.

உண்மையிலே இடர் தொடங்குவது அங்கேதான். உயர்தர வகுப்புவரை தமிழிலே படித்த பிள்ளை, விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் முதலிய பீடங்களிலே முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டியதாகின்றது. ஊரிலே முதல் மாணவனாய் இருந்தவன், முதல் மாணவர்கள் மட்டுமே நிறைந்த மண்டபத்தில் கடைசி வாங்கில் உட்காருகின்றான். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருப்பினும், அதன் நிழல் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இவையெல்லாம் ஒருங்கே வந்து தாக்கும்போது பதினெட்டு வயதிலிருந்து வெறும் மனனத்தையும் டியூட்டரிக் குறிப்புகளையும் நம்பி வந்த பிள்ளை திகைத்துப்போவதில் வியப்பென்ன?

இதனை முன்னோர் அறியாதவர் அல்லர். இங்கிலாந்திலே ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு மாணவனுக்கும் தனியே ஓர் ஆசிரியரைக் குறித்து, அவனுடைய படிப்பையும் நலத்தையும் கவனிக்கச் செய்வது நெடுங்கால வழக்கம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தராக விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர். மாணவர் விடுதிகளில் தங்கி, ஆசிரியரோடும் பிறரோடும் பழகி, முழு மனிதராய் வளர்தல்வேண்டும் என்பது அவருடைய நோக்கம். பேராதனையிலே அருணாசலம், இராமநாதன், ஜயதிலக முதலியோரின் பெயர்களால் எழுந்த விடுதிகள் அந்நோக்கத்தின் வடிவங்களே. ஆனால் அன்று மாணவர் தொகை சிறிது. இன்றோ நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் 40,000க்கு மேற்பட்டோர் அரச பல்கலைக்கழகங்களில் சேருகின்றனர். மாணவ ஆலோசகர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உளர். வழிகாட்டும் ஆசிரியர் முறையைப் பல பீடங்கள் மேற்கொண்டும் இருக்கின்றன. எனினும், சந்திப்புக்கெனக் குறித்த அரைமணி நேரத்தில் ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. அறிவுரை கூறி அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கின்றது. இவ்விடத்திலேதான் ‘கோச்’ என்பவரின் கலை எமக்கு உதவுகின்றது.

‘கோச்’ என்றதும் நம்மவர்க்கு விளையாட்டு மைதானமும் ஊதுகுழலும் நினைவுக்கு வரும். சொல்லின் வரலாறோ சுவையானது. ஹங்கேரி நாட்டிலே ‘கோச்’ என்று ஒரு சிற்றூர் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூரிலே செய்யப்பட்ட நல்ல வண்டிகள் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்று, ஊரின் பெயரே வண்டியின் பெயராயிற்று. 1830ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போட் மாணவர்கள், பரீட்சை என்னும் நீண்ட வழியைக் கடக்கத் தம்மை ஏற்றிச் செல்லும் தனி ஆசிரியரை வேடிக்கையாக அப்பெயரால் அழைக்கலாயினர். ஆகவே, விளையாட்டுக்கு முன்பே அச்சொல் பல்கலைக்கழக மாணவரின் ஆசிரியரைக் குறித்தது. கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹொப்கின்ஸ் என்பவர் அவ்வாறான தனி ஆசிரியராய் இருந்து, கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்ற பலரை உருவாக்கினார். ஸ்டோக்ஸ், கெல்வின், மக்ஸ்வெல் போன்ற பேரறிஞர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

அக்காலத்துக் கோச், மாணவனை ஏற்றிச் செல்லும் வண்டி. பிற்காலத்துக் கோச் வேறு வகையினர். அமெரிக்கரான திமொதி கோல்வே என்னும் டென்னிஸ் ஆசிரியர் 1974இல் ஒரு நூல் எழுதினார். “பந்தைப் பார், பந்தைப் பார்” என்று மாணவனை நோக்கிக் கத்துவதிலே பயனில்லை என்று அவர் கண்டார். அதற்குப் பதிலாக, பந்து நிலத்திற் படும் கணத்தையும் மட்டையிற் படும் கணத்தையும் மாணவன் தானே வாய்விட்டுச் சொல்லும்படி செய்தார். சொல்லவேண்டுமானால் பார்த்தே ஆகவேண்டும் அல்லவா? கட்டளையினால் வராத கவனம், கவனித்துக் கூறும் வேலையினால் வந்துவிட்டது. இங்கிலாந்திலே மோட்டார்ப் பந்தய வீரராய் இருந்த சேர் ஜோன் விட்மோர் இம்முறையைத் தொழில் நிலையங்களுக்குக் கொண்டுசென்று, 1992இல் வெளியிட்ட தம் நூலில் நான்கு படிகளாக விளக்கினார். நீ அடைய விரும்புவது எது? இப்பொழுது உன் நிலை எது? உன்முன் உள்ள வழிகள் எவை? அவற்றுள் எதைச் செய்யப் போகின்றாய், எப்பொழுது? இவையே அந்நான்கு. பார்ப்பதற்கு மிக எளியவை. கேட்டுவிட்டு வாய்மூடி இருப்பதே கடினம்.

பல்கலைக்கழக மாணவனுக்கு ஆசிரியர் துணை எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு நமது சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையை விடச் சிறந்த சான்று வேறில்லை. 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கேம்பிரிட்ஜ் வந்தடைந்தார். பேராசிரியர் ஹார்டி அவருக்குக் கணிதத்தில் அரிய துணையாய் அமைந்தார். இராமானுஜன் முறையாகக் கல்லாத பகுதிகளையெல்லாம் வற்புறுத்திப் புகட்டினால் அவருடைய தன்னம்பிக்கை குலைந்துவிடும் என்று அஞ்சி, மிகுந்த எச்சரிக்கையோடு வேண்டியவற்றை மட்டும் உணர்த்தினார். இது ஆசிரியத் தொழிலின் மேன்மை. ஆனால் அதே கேம்பிரிட்ஜில் நடந்த இன்னொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. அப்பொழுது அங்கே மாணவராய் இருந்தவரும், பிற்காலத்தில் இந்தியப் புள்ளிவிவரவியலின் தந்தையெனப் போற்றப்பட்டவருமான பிரசாந்த சந்திர மகலனோபிஸ், ஒருநாள் இராமானுஜனிடம் இரவிலே குளிர் தாங்க முடிகின்றதா என்று வினவினார். முடியவில்லை என்றார் இராமானுஜன். மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு படுப்பதாகச் சொன்னார். கம்பளிகள் போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன. அவை மேல்விரிப்பின் கீழே மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது கும்பகோணத்திலிருந்து வந்தவருக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

எண்களின் இரகசியங்களையெல்லாம் அறிந்த மேதைக்குக் கம்பளியின் இரகசியம் தெரியாதிருந்தது. அவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, அந்த ஒரு மாணவர் கேட்கும்வரை. 1917இல் இராமானுஜன் நோய்வாய்ப்பட்டார். 1919இல் நாடு திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டு வயதிலே மறைந்தார். கம்பளியினால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவரவில்லை. மாணவனின் துன்பம் பெரும்பாலும் ஆசிரியர் எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதில்லை. கேட்டாலன்றி அது வெளிப்படாது என்பதையே சொல்லுகின்றோம்.

எமது திண்ணையிலே நடந்த ஒன்றைக் கூறுவோம். இவ்வூர் மீனவர் ஒருவரின் மகன், விஞ்ஞான பீடமொன்றில் முதலாம் ஆண்டு மாணவன், தவணை நடுவிலே பெட்டியோடு வீடு வந்துவிட்டான். தகப்பனார் அவனை எம்மிடம் அழைத்துவந்து, “சேர், இவனுக்கு நல்லாப் புத்தி சொல்லுங்க” என்று கூறிவிட்டுத் திண்ணையின் ஓரத்தில் அமர்ந்துகொண்டார்.

“நான் திரும்பிப் போறதாக இல்லை, சேர்” என்றான் பையன்.

“நல்லது தம்பி. அதைப் பிறகு பார்ப்போம். அங்கே நீர் படும் கஷ்டம் என்ன?” என்றோம்.

சாப்பாடு ஒத்துவரவில்லை என்றான். வேறென்ன என்றோம். விடுதியிலே மூத்த மாணவர் தொல்லை என்றான். அது இப்பொழுது குறைந்துவிட்டது என்றும் சொன்னான். வேறென்ன என்று மறுபடியும் கேட்டோம். அவன் நெடுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாமும் பேசவில்லை. தகப்பனார் இருமினார். பிறகு பையன் மெல்லச் சொன்னான்: “விரிவுரை விளங்குதில்லை. புத்தகத்திலே பார்த்தால் விளங்குது. அவர் பேசும் வேகத்தில் காது பிடிக்குதில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருக்கு.”

முதற் கூறிய காரணம் மெய்க்காரணம் அன்று என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சாப்பாட்டைப் பற்றி அறிவுரை கூறத் தொடங்கியிருந்தால் அன்று மாலை முழுவதும் சாப்பாட்டிலேயே கழிந்திருக்கும்.

“இந்த மாதம் முடியும்போது எது மாறியிருந்தால் ‘இனிச் சமாளிக்கலாம்’ என்று உமக்குத் தோன்றும்?” என்று கேட்டோம்.

“வகுப்பில் ஒரேயொரு கேள்வி கேட்க முடிந்தால் போதும், சேர்.”

“இதுவரை எத்தனை முறை முயன்றீர்?”

“ஒருதரமும் இல்லை.”

“கேட்காமல் தடுப்பது எது?”

மீண்டும் மௌனம். அதன்பின் வந்ததே உள்ளேயிருந்த முள். விடுதிக்கும் புத்தகங்களுக்கும் தாயாரின் நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஒவ்வொரு நாளும் அவன் உண்ணும் சோறு அடகிலுள்ள நகையாக அவனுக்குத் தோன்றிற்று. ஒன்றும் விளங்காமல் அங்கே இருப்பது தாயாரை ஏமாற்றுவதாகும் என்று எண்ணினான். விரிவுரை மண்டபத்தில் பிழையாக ஒரு வார்த்தை பேசி நகைப்புக்கு இடமானால், ஊரே நகைப்புக்கு இடமானதுபோல் இருக்கும் என்று அஞ்சினான். தகப்பனார் அதுவரை இதனைக் கேட்டறியாதவர். அவர் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்.

அவனுக்கு உள்ள வழிகள் எவை என்று கேட்டோம். படிப்பை விட்டுவிடுவது ஒரு வழி என்றான். அதனையும் தாளில் எழுதச் சொன்னோம். பாடத்தை மாற்றுவது, விரிவுரைக் குறிப்பை முன்கூட்டியே வாங்கிப் படித்துச் செல்வது, சேர்ந்து படிக்க ஒரு தோழனைத் தேடுவது, கேள்வியை முதலிலே தாளில் எழுதிக்கொண்டுபோய் வகுப்பு முடிந்தபின் கேட்பது என்று ஐந்து வழிகளை அவனே கண்டான். ஆறாவதாக, ஆங்கிலம் கற்பிப்பதற்கெனப் பல்கலைக்கழகத்திலே தனிப் பிரிவு இருப்பதை நாம் சொன்னோம். அவன் அதனை அறிந்திருக்கவில்லை. இவற்றுள் எதை, எந்த நாளில், எத்தனை மணிக்குச் செய்வீர் என்பது எமது கடைசிக் கேள்வி. “திங்கட்கிழமை, பத்து மணி வகுப்பு முடிந்ததும், எழுதிக்கொண்டுபோய்க் கேட்பேன்” என்றான். அடுத்த சனிக்கிழமை தொலைபேசியில் எமக்குச் சொல்வதாகவும் கூறினான்.

அவன் சென்றபின் தகப்பனார் தயங்கி நின்றார். “சேர், நீங்க புத்தி ஒண்டும் சொல்லவே இல்லையே!” என்றார்.

“கடலுக்குப் புதிதாக வரும் பையனுக்கு நீங்கள் எப்படிப் படகு விடப் பழக்குவீர்கள்?” என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்தார். “சுக்கானை அவன் கையிலே குடுத்துட்டுப் பக்கத்தில் இருப்பேன். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது எண்டு கேட்பேன். நானே பிடிச்சா அவன் எப்ப பழகுறது?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விட்மோரின் நூலை அவர் கண்டதில்லை. அதன் சாரம் அவர் கையில் இருந்தது.

பையன் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பிப் போனான். சொன்னபடி கேள்வி கேட்டான். விரிவுரையாளர் பொறுமையோடு விளக்கினார் என்று சனிக்கிழமை அறிவித்தான். கேட்டது ஒரு கேள்வி. ஆயினும் அதே ஐயம் வேறு பலருக்கும் இருந்ததாம். அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. முதற் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறி, அதனை மீண்டும் எழுதித் தேறினான். பிற்பாடு சாதாரண சித்தியோடு பட்டம் பெற்றான். அந்த நகையும் வீடு திரும்பியது.

இம்முறையிலே சில நுட்பங்கள் உண்டு. ‘ஏன்’ என்று தொடங்கும் வினா, நீதிமன்றத்தில் கேட்பதுபோல் ஒலிக்கும். “ஏன் வகுப்புக்குப் போகவில்லை?” என்றால் மாணவன் தன்னைக் காத்துக்கொள்ளக் காரணம் தேடுவான். “வகுப்புக்குப் போகும் நாளில் எது உதவுகின்றது? போகாத நாளில் எது தடுக்கின்றது?” என்றால் தன்னையே ஆராய்வான். அறிவுரைக்கு வினா வேடம் பூட்டுவதும் கூடாது. “நீர் விடியற்காலையில் எழுந்து படித்தால் என்ன?” என்பது வினாவன்று, கேள்விக்குறி அணிந்த கட்டளை. ஒரு வேளையில் ஒரு வினா போதும். வினவியபின் வரும் மௌனத்துக்கு ஆசிரியர் அஞ்சுதல் ஆகாது. மாணவன் சிந்திப்பது அந்த மௌனத்திலேதான். முடிவிலே செய்யத் துணிந்ததை மாணவன் தன் சொற்களிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். அடுத்த சந்திப்பின் நாளையும் அப்பொழுதே குறிக்கவேண்டும். நாள் குறியாத சந்திப்பு, முடிச்சுப் போடாத வலை.

இன்னும் இரண்டு காவல்கள் வேண்டும். மாணவன் சொன்னது அவன் இசைவின்றி வெளியே போகலாகாது, பெற்றோரிடத்திலும் அவ்வாறே. அடுத்து, விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரே வழிகாட்டும் ஆசிரியராயின், மாணவன் தன் பலவீனத்தை அவரிடம் எப்படித் திறந்து சொல்வான்? இயன்றவரை இவ்விரு பணிகளும் இருவரிடத்தில் இருப்பதே நலம்.

வினவுவதற்கும் எல்லை உண்டு. பரீட்சை வேளையில் காய்ச்சலுற்ற மாணவி ஒருத்தி, என்ன செய்வதென்று தெரியாமல் எம்மிடம் வந்தாள். அவளிடம் “உம்முன் உள்ள வழிகள் எவை?” என்று கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை. மருத்துவச் சான்றிதழைக் குறித்த காலத்துக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ப்பிக்கவேண்டும். தவறினால் பரீட்சைக்கு வராதவளாகவே கொள்ளப்படுவாள் என்று நேரே சொல்லி, அன்றைக்கே அனுப்பிவைத்தோம். தெரியாத செய்தியைத் தெரிவிப்பதே அங்கே உதவி. அவ்வாறே, பல நாள் உறக்கமும் உணவும் இன்றி, வாழ்வே வேண்டாம் என்று பேசும் பிள்ளைக்குத் திண்ணைக் கேள்விகள் போதா. அப்பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், 1974 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் ‘சுமித்ரயோ’ என்னும் தொண்டர் அமைப்பும் இதற்கென்றே இருக்கின்றன. ஆசிரியர் மருத்துவர் அல்லர் என்பதை ஆசிரியரே முதலில் உணரவேண்டும்.

“இது மேல்நாட்டுச் சரக்கு, நமது மரபில் குரு சொல்வார், சீடன் கேட்பான்” என்று பெரியோர் சிலர் எம்மிடம் வாதித்ததுண்டு. நமது மரபைச் சற்றே திறந்து பார்ப்போம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலே நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றார். ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் நான்கு உவமை சொல்லுகின்றார். அவற்றுள் மடற்பனை ஒன்று. கருக்கு நிறைந்த மட்டைகளால் தன்னை ஒருவரும் அணுகவிடாத பனை அது. முடத்தெங்கு மற்றொன்று. வேர்விட்ட வளவில் ஒருவன் நீருற்ற, வளைந்துபோய் அடுத்த வளவில் காய் உதிர்க்கும் தென்னை அது. பனையும் தென்னையும் நிறைந்த இக்கரையாருக்கு இவ்வுவமைகளை விளக்கவேண்டியதில்லை. அணுக முடியாத ஆசிரியனை ஆசிரியன் அல்லன் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எழுதிவைத்தனர்.

அன்றியும், தமிழ்மொழியே இதற்குச் சான்று பகர்கின்றது. ‘கேள்’ என்றால் வினவு என்று பொருள். செவிகொடு என்றும் பொருள். ஒரே சொல் இரண்டு தொழிலையும் தாங்குகின்றது. திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர். அங்கே அது செவியால் அறிவதைக் குறிக்கின்றது. பழந்தமிழில் ‘கேள்’ என்பதற்கு உறவு என்ற பொருளும் உண்டு. வினவுவதும், செவிகொடுப்பதும், உறவாவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய மொழியிலே பிறந்த நாம், இம்முறையை அந்நியம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மாலையில் தொலைபேசி எடுத்து, “சாப்பிட்டாயா? படிக்கிறாயா? காசு இருக்கா?” என்று கேட்கின்றீர்கள். மூன்றுக்கும் “ஓம்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை அழுதுகொண்டு படுக்கலாம். அதற்குப் பதிலாக, “இன்றைக்கு யாரோடு இருந்து சாப்பிட்டாய்? இந்தக் கிழமை விளங்கிய பாடம் எது? விளங்காதது எது?” என்று கேட்டுப் பாருங்கள். ‘ஓம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றுக்கு விடைகூற இயலாது. யாரோடும் இருந்து சாப்பிடவில்லை என்று தெரிந்தால், அதுவே நீங்கள் அறியவேண்டிய செய்தி. வட்டிக்கு வாங்கிய பணத்தையும் அடகுவைத்த நகையையும் பிள்ளைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, அது மறப்பதில்லை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்களுக்கென ஓர் ஆசிரியர் குறிக்கப்பட்டிருந்தால் அவர் கூப்பிடும்வரை காத்திராதீர்கள். கவலை முற்றியபின் போவதைவிட, சிறு ஐயத்தோடு முதல் மாதத்திலேயே போவது எளிது. போகும்போது மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: எனக்கு வேண்டியது இது, இதுவரை செய்தது இது, தடையாய் இருப்பது இது. ஆசிரியர் அறிவுரை கூறத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னர், “சேர், நான் நினைத்த வழி ஒன்றும் உண்டு, சொல்லட்டுமா?” என்று பணிவோடு கேளுங்கள். அவ்வாறு கேட்கப்பட்டால் மறுக்கும் ஆசிரியர் மிகச் சிலரே. ஆசிரியர் கிடைக்காவிடின் உடன் பயிலும் நண்பர் ஒருவர் போதும். இராமானுஜனின் கம்பளியைக் கண்டவரும் ஒரு மாணவரே அன்றோ?

இக்கரையிலிருந்து இவ்வாண்டும் பிள்ளைகள் பாலாவிச் சந்தியைக் கடந்து தொலைதூரப் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படுவார்கள். அவர்களை வழியனுப்ப ஊர் திரண்டு வரும். வாழ்த்தும் அறிவுரையும் குறைவின்றிக் கிடைக்கும். போய்ச் சேர்ந்த மூன்றாம் கிழமையில், ஊரின் ஆரவாரம் அடங்கியபின், “உமக்கு அங்கே எப்படி இருக்கின்றது?” என்று ஒருவர் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பாராயின், அதுவே அப்பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் என்பது எமது துணிபு.